கண் எழுதும் ஊருக்குப் போய் வந்தேன்

விளாச்சேரி,
புரட்டாசி கடைசி வாரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய பணத்தில் துர்கை பூஜை பார்க்கக் கல்கத்தா போய்ப் பத்திரமாக ஊர் திரும்பிவிட்டேன். போனில் நீ கேட்டபோதெல்லாம் "நன்றாக இருந்தது தாயி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் நீ இருப்பாய். அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை இது. அப்பா கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கு மண் மிதிக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த சூளை போட இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கொலு பொம்மை வியாபாரம் மகாளய அமாவாசையோடு அடங்கிவிடும் என்பது உனக்குத் தெரியும். மறுநாளே மகளிர் குழுவில் ஆறு பேர் மதுரையில் ரயில் ஏறினோம். சென்னையில் இருந்து 1,600 கிலோமீட்டருக்கு மேல். கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி என்று ஒவ்வொரு ஆறாகப் பார்த்துக்கொண்டே போனேன். சதுர்த்தியன்று ஹௌராவில் இறங்கி மெட்ரோ ரயிலில் ஏறினோம். ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடுகிற ரயில் அது. 2024 மார்ச்சில் திறந்திருக்கிறார்கள். ஆற்றின் கீழே 520 மீட்டரை முக்கால் நிமிடத்தில் கடந்துவிடுகிறது. சுரங்கத்தில் நீல விளக்கு வந்தபோது, பக்கத்தில் நின்ற பெண் மேலே கையைக் காட்டித் தண்ணீர் என்று எங்களுக்குப் புரிய வைத்தாள். நாங்கள் ஆறு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

காளிகாட் பக்கம் லேக் மார்க்கெட்டில் தங்கினோம். அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. வாழை இலை, காப்பித் தூள் எல்லாம் கடையில் கிடைக்கிறது. அதனால் சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்பட்டது வீண்.

மற்றவர்கள் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் கிளம்பினார்கள். நான் பஞ்சமி காலையில் முதலில் குமார்துலிக்குத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். வடக்குக் கல்கத்தாவில் ஆற்றை ஒட்டி, பூஜைக்குச் சாமி சிலை செய்கிற இடம். சோவாபஜார் மெட்ரோவில் இறங்கி நடக்க வேண்டும். குமார் என்றால் அவர்கள் மொழியில் குயவர். நம் பேச்சில் சொன்னால் வேளார் தெரு. நானும் கூட ஒருத்தியும் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தோம்.

சந்துக்குள் நுழைந்ததும் எனக்கு நம் தெருவுக்கே வந்த மாதிரி இருந்தது. அதே ஈர மண் வாசனை. ஆனால் வேலை வேறு. நாம் மண்ணை அச்சில் அழுத்தி, காய வைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை பூசி வர்ணம் கொடுக்கிறோம். அவர்கள் சுடுவதே இல்லை. மூங்கில் சட்டம் நட்டு, வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கி இறுக்கி உடம்பாக்குகிறார்கள். அதன் மேல் உமி கலந்த களிமண். அது காய்ந்ததும் ஆற்று வண்டலைப் போல மெல்லிய மண் ஒரு பூச்சு. வெடித்த இடங்களில் மண் குழம்பில் நனைத்த துணி. தலைக்கு அச்சு உண்டு. விரல்களைத் தனித்தனியாக உருட்டி ஒட்டுகிறார்கள். வர்ணத்துக்கு என்ன பசை தெரியுமா? புளியங்கொட்டை! பட்டறை வாசலில் நின்றபோது அந்த வாடை வந்தது. உன் பாட்டி கொல்லைப்புறத்தில் பசை கிண்டிக்கொண்டு நிற்பதைப் போல இருந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

துர்கை சிலைக்கு மண் சேர்க்கும்போது பாலியல் தொழில் செய்கிற பெண்களின் வாசலில் இருந்து ஒரு பிடி மண் வாங்கி வந்து கலக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்தப் பெண்கள் வாழும் தெருவும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஊர் யாரை ஒதுக்கியதோ அவர்கள் வாசல் மண் இல்லாமல் அம்மன் முழுமையாவதில்லை என்று வைத்தவர் யாரோ, அவரைக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது.

அமாவாசையன்று கண் திறப்பது மரபு. ஆனால் அத்தனை சிலைக்கும் ஒரு நாள் போதுமா? நாங்கள் போன பஞ்சமியன்றும் ஒரு பட்டறையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். விடிந்தால் சஷ்டி, அம்மன் பந்தலில் இருக்க வேண்டும். வெளியே லாரி நிற்கிறது. உள்ளே அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் பலகை மேல் ஏறி நின்று, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு மேல் இமையை இழுத்தார். கண் முனையில் தொடங்கிக் காது வரைக்கும் ஒரே இழுப்பு. நடுவில் தூரிகையை எடுக்கவில்லை. அதுவரைக்கும் அவர் மூச்சு விடவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நானும் விடவில்லை. அந்தக் கண் வடிவத்தைப் பிளந்த படோல் காய் என்று சொல்கிறார்கள். நம் கோவைக்காயைக் கொஞ்சம் பெரிதாக நினைத்துக்கொள். நமக்கு மீனாட்சி ஊர், நாம் மீன்தான் எழுதுவோம். பெயர்தான் வேறு; வளைவு ஒன்றுதான் தாயி.

பதினோரு வயதில் நீ திண்ணையில் உட்கார்ந்து கண் எழுதுவாயே, அதே மாதிரி. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பக்கத்துப் பட்டறையில் லட்சுமி சிலைகள் தயாராகிக்கொண்டிருந்தன. அடுத்த பௌர்ணமிக்கு அங்கே வீட்டுக்கு வீடு லட்சுமி பூஜை. அங்கே ஒரு பெண் விரல் உருட்டிக்கொண்டிருந்தாள். நான் என் கையை நீட்டிக் காட்டினேன். நகக் கண்ணில் மண் ஏறிய கையை அடையாளம் கண்டுகொள்ள மொழி எதற்கு? ஒரு உருண்டை மண்ணை என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு விரல் உருட்டிக் கொடுத்தேன். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, நுனியை மட்டும் கொஞ்சம் கூர்மையாக்கி ஒட்டினாள். இந்நேரம் அந்த லட்சுமி ஏதோ ஒரு வீட்டுக்குப் போயிருப்பாள்.

சஷ்டியில் இருந்து ஊர் தூங்கவில்லை. கடை, தெரு, சந்து எல்லாம் பந்தல். மேற்கு வங்கச் சுற்றுலாத் துறை பூஜைக்கென்றே பஸ்ஸில் சுற்றிக் காட்டுகிறது. விடிய விடிய மெட்ரோ ரயில் வேறு. ஒரு நாள் பஸ்ஸிலும் மற்ற நாட்கள் காலாலும் சுற்றினோம். பாக்பஜாரில் பழைய முறையில் ஒரே பின்னணிக்குள் அம்மனும் நான்கு பிள்ளைகளும். ஆமாம், அங்கே துர்கை பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கு வருகிற மகள். லட்சுமி, சரஸ்வதி, பிள்ளையார், முருகன் நால்வரையும் கூட்டிக்கொண்டு கைலாசத்தில் இருந்து வந்து, நான்கு நாள் தங்கிவிட்டுத் திரும்புகிறாள். அதைக் கேட்டதும் உன் நினைவு வராமல் இருக்குமா? காலேஜ் சதுக்கத்தில் பெரிய குளம். சுற்றிலும் போட்ட விளக்கு முழுவதும் தண்ணீரில் இன்னொரு முறை எரிகிறது. சோவாபஜார் அரண்மனை வீட்டில் 1757-இல் தொடங்கிய பூஜை இன்றும் நடக்கிறது. 2021-இல் இந்தத் திருவிழாவை யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

ஒரு பந்தலில் இரவு இரண்டு மணிக்கு வரிசையில் நின்றோம். முன்னாலும் பின்னாலும் தலை தலையாக ஜனம். பட்டுப் புடவை கட்டிய பெண்கள், கைக்குழந்தைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், ஊன்றுகோலோடு ஒரு தாத்தா. வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் எழுதியிருந்ததைப் பக்கத்தில் இருந்த பையன் இந்தியில் படித்துச் சொல்ல, நம் குழுவில் இந்தி தெரிந்தவள் எனக்குச் சொன்னாள். பந்தலை வடிவமைத்தவர் இன்னார், சிலை செய்தவர் இன்னார். சிலை செய்தவர் பெயர் தாயி! ஒரு முழ உயர எழுத்தில், விளக்குப் போட்டு. அந்தப் பையன் அத்தோடு நிற்கவில்லை. போன வருடம் அதே கைக்காரர் வேறொரு பந்தலுக்குச் செய்தாராம், அந்த முகம் இதைவிட அமைதியாக இருந்ததாம். பாட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போல மண் வேலைக்காரரைப் பற்றிப் பேசுகிறான்.

அப்போது எனக்கு உன் ஆறாம் வகுப்புப் பாரம் நினைவுக்கு வந்தது. "பெற்றோர் தொழில்" என்ற இடத்தில் "பொம்மை செய்தல்" என்று நீ எழுதியிருந்தாய். நான்தான் அடிக்கச் சொல்லி "வியாபாரம்" என்று எழுத வைத்தேன். "மண் பிசைகிறவர் பிள்ளை என்று தெரிந்தால் மதிக்க மாட்டார்கள்" என்று சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் ரப்பரை எடுத்து அழித்தாய். பேனா மை அழியாமல் தாள் கிழிந்துவிட்டது. பிறகு பிளஸ் டூ படிக்கும்போது தூரிகையை உன் கையில் இருந்து வாங்கி, "இது சின்ன வேலை, உனக்கு வேண்டாம்" என்றேன். படிக்க வைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. நீ நர்ஸ் ஆனதில் இந்தத் தெருவுக்கே பெருமை. ஆனால் சின்ன வேலை என்று சொன்னது தப்பு. உன் அப்பா காது கேட்கச் சொன்னேன், அதுவும் தப்பு. உன்னிடம் இப்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அஷ்டமியும் நவமியும் சேருகிற நேரத்தில் சந்தி பூஜை. அஷ்டமியின் கடைசி ஒரு நாழிகை, நவமியின் முதல் ஒரு நாழிகை, மொத்தம் 48 நிமிடம். 108 தாமரை, 108 விளக்கு. டாக் என்கிற பெரிய மேளம், அதன் ஒரு பக்கத்தில் வெள்ளை இறகு ஆடுகிறது. சின்னப் பையன்கள் வெண்கலத் தட்டைத் தட்டுகிறார்கள். கிராமங்களில் இருந்து இந்த மேளக்காரர்கள் வந்து சியால்தா ஸ்டேஷன் வாசலில் அடித்துக்கொண்டு நிற்பார்களாம். பந்தல்காரர்கள் வந்து கேட்டுப் பார்த்துக் கூட்டிப் போவார்களாம். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் போய் அடிக்கிறது. சாம்பிராணிப் புகை விலக விலக அம்மன் முகம் தெரிந்தது. நான் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நம்மையே பார்க்கிற கண். எழுதத் தெரிந்தவர் எழுதியது.

தசமியன்று சுமங்கலிகள் அம்மன் கன்னத்தை வெற்றிலையால் ஒற்றி, குங்குமம் வைத்து, வாயில் இனிப்பு ஊட்டி வழியனுப்புகிறார்கள். ஊருக்குத் திரும்புகிற மகளுக்குச் செய்கிற அதே சீர். சாயங்காலம் பாபு காட் படித்துறையில் போய் நின்றோம். ஒவ்வொரு சிலையாக வந்து இறங்கியது. நான்கு மாத வேலை, ஐந்து நாள் பூஜை, ஒரு நிமிடத்தில் தண்ணீர். முகம் மல்லாந்து போகும்போது கண் மட்டும் கடைசி வரை தெரிந்தது. நம் பொம்மைகளை ஒரு இரவு படுக்க வைத்து, துணி சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிறோம். மூன்று தலைமுறைப் பொம்மை நம் வீட்டிலேயே இருக்கிறது. இவர்கள் கொடுத்தே விடுகிறார்களே என்று மனம் பதைத்தது. பிறகு அய்யனார் கோயிலுக்கு நாம் செய்து வைக்கிற குதிரைகளை நினைத்துக்கொண்டேன். அவையும் மழையிலும் வெயிலிலும் நின்று உடைந்து மண்ணோடு சேர்வதற்குத்தானே போகின்றன. ஆறு அசுத்தமாகக் கூடாது என்று மாநகராட்சிக்காரர்கள் கிரேன் வைத்து உடனுக்குடன் தூக்கிவிடுகிறார்கள். கரையில் மூங்கில் சட்டங்கள் ஈரம் சொட்டக் கிடந்தன. அவை குமார்துலிக்குத் திரும்பிப் போகும், அடுத்த வருடத்துச் சிலைக்கு.

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். புளியங்கொட்டைப் பசைக்கு மட்டும் தலையாட்டிவிட்டு, மறுபடி மண் மிதிக்கப் போய்விட்டார். இரவு சாப்பிடும்போது, "அந்தப் பெரியவர் எந்த முடித் தூரிகை வைத்திருந்தார்?" என்று கேட்டார்.

குமார்துலியில் இருந்து வெளிநாடுகளுக்கும் சிலை போகிறது. கப்பலில் உடையாதபடி ஃபைபர் கிளாஸில் வார்த்தவை. உன் லண்டனிலும் வங்காளிகள் பூஜை செய்கிறார்களாம். துர்கை பூஜை முடிந்துவிட்டது. தீபாவளி இரவில் காளி பூஜை உண்டு. டியூட்டி இல்லாவிட்டால் போய்வா. கிட்டத்தில் போய் நின்று மேல் இமையைப் பார்த்து எனக்கு எழுது: ஒரே இழுப்பா, தொட்டுத் தொட்டு எழுதியதா?

இத்தோடு ஒரு சின்னப் பார்சல் அனுப்புகிறேன். போன வாரம் முதல் சூளையில் எடுத்த குடில் ஆட்டுக்குட்டி ஒன்று, வெள்ளை மட்டும் பூசி வைத்திருக்கிறது. கண் எழுதவில்லை. அப்பாவின் அணில் முடித் தூரிகையும், ஒரு டப்பாவில் கறுப்பும் இருக்கின்றன. பஞ்சு சுற்றியிருக்கிறேன். இடது காது கொஞ்சம் மெல்லிசு, மெதுவாகப் பிரி.

அன்புடன்,
அம்மா