அடுத்த தொற்றுக்கு முன் பயண விதிகளைத் திருத்துங்கள்: சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சுகாதார அமைச்சகத்தாருக்கும் விமான நிலைய சுகாதார அலுவலர்களுக்கும் வணக்கம்.

கொரோனா காலத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் விமானப் பயணிகள் இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா சுகாதாரப் படிவம் 2023 பிப்ரவரியில் முடிவுக்கு வந்தது. அடுத்த தொற்றின்போது அதே வாசகங்களைத் தூசு தட்டி எடுத்துவிடாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

மஞ்சள் காய்ச்சல் விதியைப் பாருங்கள். தடுப்பூசி போட்ட பத்தாம் நாளிலிருந்து சான்று செல்லும். எதிர்ப்பாற்றல் உருவாக அத்தனை நாள் வேண்டும். அந்நோய் உள்ள நாடுகளிலிருந்து சான்றில்லாமல் வருபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்துகிறீர்கள். கிருமி உடலில் மறைந்திருக்கும் காலம் அது. எண்ணும் காரணமும் ஒன்றாகவே நிற்பதால் கவுண்டரில் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

கொரோனா விதியில் அந்தத் தெளிவு இல்லை. 'பயணம் தொடங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை' என்றீர்கள். டொராண்டோவிலிருந்து துபாய் வழியாக இரண்டு தனி டிக்கெட்டில் சென்னை வருபவருக்குப் பயணம் தொடங்குவது எங்கே? முடிவு கைக்கு வரவே ஒரு நாள் ஆகலாம். முதல் விமானம் தாமதித்து இணைப்பு விமானமும் தவறினால், துபாய் கவுண்டரில் சான்று காலாவதி என்று சொல்லிவிட முடியும். எனவே இப்படி எழுதுங்கள்: மாதிரி எடுத்த நேரம் முதல், பயணத்தின் முதல் விமானம் அட்டவணைப்படி புறப்படும் நேரம் வரை 72 மணி, வழியில் 24 மணி நேரம் வரை தாமதமானாலும் சான்று செல்லும். ஆய்வகச் சான்றில் மாதிரி எடுத்த நேரமும் அந்த ஊரின் நேர மண்டலமும் கட்டாயம் இருக்கட்டும். முடிவு வெளியான நேரத்தை மட்டும் அச்சிட்ட சான்றை வைத்துக்கொண்டு எதையும் கணக்கிட முடியாது.

நோயிலிருந்து மீண்டவர்களையும் மறக்காதீர்கள். கிருமியின் மரபணுத் துணுக்குகள் வாரக்கணக்கில் உடலில் தங்கும். பிறருக்குத் தொற்றாத நிலையிலும் பரிசோதனை 'பாசிட்டிவ்' காட்டும். அவர்களுக்கு முந்தைய பாசிட்டிவ் முடிவோடு, குணமடைந்ததை உறுதிசெய்யும் மருத்துவர் கடிதமும் போதும் என்று விதியிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயர்ச் சிக்கல் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆதாரில் 'எஸ். முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்பிரமணியன்'. கோவின் தளம் தரும் கொரோனா தடுப்பூசிச் சான்று ஆதாரைப் பின்பற்றினால் இரண்டும் பொருந்தாது. அதில் முதலில் பிறந்த ஆண்டு மட்டுமே இருந்தது. பயணிகளுக்கு முழுப் பிறந்த தேதி வந்தது 2021 செப்டம்பர் கடைசியில்தான். பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால், இனிஷியல் விரிந்ததையோ பெயர் முன்பின் மாறியதையோ காரணம் காட்டி விமானத்தில் ஏற்ற மறுக்கக் கூடாது.

ஒமிக்ரான் என்ற கொரோனா வகை பரவிய சமயத்தில் 2021 நவம்பர் 28-இல் வந்த நெறிமுறை டிசம்பர் 1-லேயே அமலுக்கு வந்தது. அவசரம் புரிகிறது. ஆனாலும் அறிவிப்புக்கு முன் கிளம்பியவருக்கு எந்த விதி என்று ஒரு வரி அதில் இருந்தாக வேண்டும்.

'வீட்டுத் தனிமை ஏழு நாள், எட்டாம் நாள் மறுபரிசோதனை' என்றால், இங்கே வீடே இல்லாத சுற்றுலாப் பயணி என்ன செய்வார்? ஓட்டல் அறை போதுமா, ஜன்னல் திறக்க வேண்டுமா, உணவை வாசலில் வைக்கச் சொல்லலாமா, எட்டாம் நாள் மாதிரி எடுக்க யார் வருவார்கள், கட்டணம் யாருடையது என்பதெல்லாம் வந்திறங்கும்போதே தாளில் கையில் இருக்கட்டும். உதவி எண்ணையும் நாட்டுக் குறியீட்டோடு முழுதாக அச்சிடுங்கள். 1075 போன்ற குறுகிய எண்கள் வெளிநாட்டு சிம்மில் கிடைக்காமல் போகலாம்; நள்ளிரவில் மூச்சுத் திணறுபவருக்கு அந்த ஒரு எண்தான் உடனே தேவைப்படும்.

இப்படிக்கு,
பயண மருத்துவ ஆலோசனைப் பணியிலுள்ள மருத்துவர்களும் செவிலியர்களும்