பி.டி. பீரியடும் கூடியம் குகையும்

ஐயா,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளைப் போன மாதம் பள்ளியிலிருந்து பூண்டிக்கு அருகே உள்ள கூடியம் குகைக்கு நடைபயணம் அழைத்துப் போனார்கள். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லவே தயங்குகிறவள் அவள். பாறைச் சரிவு ஒன்றில் பயந்து உட்கார்ந்துவிட்டாளாம். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வழிகாட்டி அண்ணன் காலை எங்கே வைக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பத்து நிமிடம் கழித்துத் தானே இறங்கியிருக்கிறாள். அந்தப் பத்து நிமிடக் கதையைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, பால்காரர் உட்பட!

வனத்துறை 2024-இல் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 40 நடைபயணப் பாதைகளுடன் தொடங்கியது. கூடியமும் அதில் ஒன்று. அந்தந்தப் பகுதி இளைஞர்களே வழிகாட்டிகள். சென்னைப் பள்ளிகள் இதை ஏன் பயன்படுத்தக் கூடாது? தீம் பார்க் சுற்றுலாவுக்கு ஆகும் செலவுதானே?

பெற்றோரின் பயம் புரிகிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்ததை மறக்க முடியாது. அதனால்தான் முறையான அனுமதி, பயிற்சி பெற்ற வழிகாட்டி, முதலுதவிப் பெட்டி இல்லாமல் பிள்ளைகளை அனுப்பவே கூடாது என்கிறேன். கோடையிலும் வேண்டாம்.

அப்புறம், பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் வழக்கத்தையும் கொஞ்சம் நிறுத்தினால் நல்லது. வாங்கிய கடனை இதுவரை யாரும் திருப்பித் தந்ததாகத் தெரியவில்லை.

- ஒரு வாசகி, பல்லாவரம், சென்னை-43