மழைக்காலமும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளை வளர்த்துவரும் ஆச்சி தாத்தாமாருக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டது. நாலு தூறல் விழுந்ததுமே "நாளைக்கு லீவாக்கா?" என்ற கேள்வி வகுப்புக் குழுக்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகிறது. அதன் பின்னால் காய்ச்சல் மருந்து, அணைச் செய்தி, கணக்கு நோட்டின் படம், யாரோ பேசிய ஆடியோ என்று வரிசையாக வந்து, வகுப்பாசிரியர் போட்ட ஒரு வரி அறிவிப்பு எங்கோ மேலே போய்விடுகிறது.

குழுக்களையே கலைத்துவிடலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மடியில் பீடித்தட்டோடு இருக்கும் அம்மாவுக்கும், சவூதியில் வேலை பார்க்கும் அப்பாவுக்கும் பள்ளியில் நடப்பது தெரிய அதைவிட எளிய வழி கிடையாது. குழு இருக்கட்டும். அங்கே எதைப் பேசலாம், எதைத் தனியாகப் பேசவேண்டும், வந்த செய்தியை எப்படிச் சரிபார்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் லீவு. மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அவர் அறிவித்ததும் பள்ளியின் எண்ணிலிருந்து குழுவில் ஒரே ஒரு வரி வரும். அது வராதவரை பள்ளி உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் அறிவிப்பு விடிந்த பிறகுதான் வருகிறது என்பதால், முந்தின நாள் இரவு பதினொரு மணிவரை கேட்டுக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. வேறெங்கிருந்தோ ஒரு படம் வந்தால் அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, தேதியும் கிழமையும் பொருந்துகிறதா? போன வருஷத்துச் செய்தியில் தேதியை மாற்றுகிறவர்கள் கிழமையை மாற்ற மறந்துவிடுவார்கள். இரண்டு, எந்த மாவட்டம்? தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆனாலும் பேச்சில் எல்லாம் இன்னும் 'நெல்லை'தான். நம் பள்ளிக்கு ஆலங்குளம், கடையம் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளி இருப்பது திருநெல்வேலி மாவட்டம். இந்த மாவட்டத்துக்கு அறிவித்தால்தான் நமக்கு லீவு. தென்காசிக்கு மட்டும் லீவு விட்டு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மழையில் வரமுடியாமல் போனால் வகுப்பாசிரியருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், போதும். மூன்று, பள்ளிகளுக்கா, கல்லூரிகளுக்கா, குறிப்பிட்ட சில வட்டங்களுக்கு மட்டுமா என்று முழு வரியையும் படியுங்கள். படத்தின் பாதியை வெட்டி அனுப்புகிறவர்கள் வெட்டுவது பெரும்பாலும் அந்த வரியைத்தான்.

அடுத்தது அணை. "பாபநாசம் 140 அடி ஆயிட்டாம், ஆத்துப் பக்கம் யாரும் போவாதிய" என்று ஒரு செய்தி ஓடும். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. நீர்மட்டம் ஏறுவது வயலுக்கு நல்ல செய்தி. கரையில் இருப்பவர்கள் கவனிக்கவேண்டியது விநாடிக்கு எத்தனை கனஅடி திறந்துவிடுகிறார்கள் என்பதை. எண்ணிக்கை இல்லாமல் 'திறந்தாச்சு' என்று மட்டும் வரும் செய்தியால் யாருக்கும் பயனில்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிய வீடியோவும் அப்படித்தான். ஆற்று நடுவில் இருக்கும் கோயில். பெருவெள்ளம் வந்தால் மூழ்கும். எந்த வருஷத்து வெள்ளம் என்பது அந்த வீடியோவில் எழுதியிருக்காது. அதைப் பார்த்துவிட்டுப் பள்ளி வாசலுக்கு ஓடிவந்து பிள்ளையைக் கூட்டிப்போக நிற்காதீர்கள். தண்ணீர் வரத்து உண்மையா என்று தெரியவேண்டுமானால் மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077இல் கேட்கலாம்.

இதற்காக மழையை அலட்சியமாக எடுத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்போது பல ஊர்களில் கரண்டும் இல்லை, போன் டவரும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் எந்தக் குழுவும் உதவாது. தாளில் எழுதி வைத்த ஆளின் பெயர்தான் உதவும். கடைசியில் அதற்கு வருகிறேன்.

'பிள்ளை பிடிக்கிறவங்க இறங்கியிருக்காவளாம்' என்ற ஆடியோ எந்தக் குழுவில் வந்தாலும் அட்மின் உடனே நீக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கடுமையாகத் தோன்றலாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கோயிலுக்கு வழி தேடிவந்த ஒரு குடும்பத்தை, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊரே அடித்தது. ஒரு மூதாட்டி இறந்துபோனார். நம் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலைத் தேடிக்கொண்டு முன்பின் தெரியாத எத்தனை குடும்பங்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். எல்லோரும் வழி கேட்பார்கள், பிள்ளைகளைப் பார்த்தால் கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் காவல்துறைக்குப் போன் செய்யுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. ஆடியோவை அடுத்த குழுவுக்குத் தள்ளாதீர்கள். அந்த வருஷம் ஜூலையில்தான் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் தள்ளிவிடமுடியாதபடி செய்தது. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புதிதாகப் போட்டால் அம்புக்குறி போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அம்புக்குறி இல்லாததால் ஒரு செய்தி உண்மை ஆகிவிடாது.

இனி மருந்து. என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான், ஏனென்றால் இதில் எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் பதில் சொல்கிறார்கள். "மைனி, பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிக்கி, என்ன குடுக்க?" என்று ஒருவர் கேட்பார். "பாரசிட்டமால் அஞ்சு மில்லி குடுங்க, எங்க வீட்ல அதான்" என்று பதில் வரும். பாரசிட்டமால் சிரப்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், இன்னொன்றில் 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 இருக்கும். பிள்ளையின் எடையில் கிலோவுக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. 16 கிலோ பிள்ளைக்கு 250 சிரப்பில் ஏறத்தாழ 5 மில்லி. 125 சிரப்பில் 10 மில்லி. சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். ஆகவே குழுவில் மில்லிக் கணக்கு யாரும் சொல்லவேண்டாம். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரையோ, மருத்துவ ஆலோசனை எண்ணான 104ஐயோ கேளுங்கள். எந்தப் பாட்டிலானாலும் இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் விடவேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கொடுக்கக்கூடாது. டெங்கு நடமாடும் காலம் என்பதால், டாக்டர் சொல்லாமல் இபுபுரூஃபன், ஆஸ்பிரின் இரண்டும் வேண்டவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். இருமல் சிரப்பு விஷயத்தில் 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை சொன்னது: இரண்டு வயதுக்குள் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை.

வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் நல்ல யோசனை, அளவு தப்பாதவரை. பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உள்ளது. அதை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு மிகுந்து பிள்ளை இன்னும் வாடிப்போகும். சின்னப் பாக்கெட் 200 மில்லிக்கு. உறையில் எழுதியிருப்பதைப் படித்துக் கலக்குங்கள். பாக்கெட் இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு மடமடவென்று கொடுக்காமல் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கவேண்டும்.

ஆச்சிமார் கோபித்துக்கொள்ளக்கூடாது, இரண்டு கைவைத்தியத்தை மட்டும் குழுவில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் ஊற்றுவது மூளையையும் ஈரலையும் பாதித்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. சளிக்குக் கற்பூரம் காய்ச்சிய எண்ணெய் பிள்ளையின் வாயில் போனால் வலிப்பு வரும். சின்னப் பிள்ளைக்கு மார்பில் அள்ளித் தடவுவதும் நல்லதில்லை. சுக்கு, மிளகு, கருப்பட்டிக் காபிக்கெல்லாம் நான் எதிரியில்லை. மழைக்கு வீட்டுப் பக்கம் பாம்பு ஒதுங்கும்; கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், குழுவில் வேர், இலை என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து, பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.

ஏழு, எட்டாம் வகுப்புப் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. "நாலு நாளா பிள்ளையைக் காணலியே, என்ன விசேஷமா?" என்று குழுவில் கேட்காதீர்கள். கேட்பவருக்கு அது பிரியம்தான். உடனே நாலு பேர் வாழ்த்துப் படம் போடுவார்கள். அந்தக் குழு பல வீடுகளில் பையன் கையில் இருக்கும் போனில்தான் இருக்கிறது. அந்தப் பெண்பிள்ளை திரும்பி வகுப்புக்குள் நுழையும்போது முப்பது தலை திரும்பும். சடங்கு வைப்பதும், யாருக்குச் சொல்வதும் அந்த வீட்டார் விருப்பம். உளுந்தங்களிக்குப் பக்குவம் சொல்லவேண்டுமானால் அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தெரியாமல் போட்டுவிட்டால் 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதை அமுக்காதீர்கள்; உங்கள் போனில் மறையும், மற்றவர்கள் போனில் அப்படியே கிடக்கும். 'அனைவருக்கும் நீக்கு' என்பதை அமுக்கவேண்டும். இரண்டு நாள் அவகாசம் உண்டு. அந்த வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளையைப் பதினாறு நாள் வீட்டில் நிறுத்தாதீர்கள். உடம்புக்கு முடிந்ததும் அனுப்புங்கள். தேவையானது பள்ளியிலும் கிடைக்கும், ஆசிரியைகளிடம் கேட்டால் போதும்.

வீட்டுப்பாடம் என்ன என்று கேட்கலாம். செய்து முடித்த நோட்டைப் படமெடுத்துப் போடக்கூடாது. ஒரு பிள்ளை முக்காலை 3.4 என்று எழுதியிருந்தால் மறுநாள் பத்து நோட்டில் 3.4 இருக்கும். யாருக்கு எங்கே புரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியாமலே போய்விடும். தப்பாகச் செய்த கணக்கு எனக்கு வேண்டும். பார்த்து எழுதிய சரியான கணக்கு வேண்டாம்.

பிள்ளைகள் சண்டை போட்ட வீடியோ, அழுகிற பிள்ளையின் படம் எதுவும் குழுவுக்கு வரக்கூடாது. பாதிக்கப்பட்ட பிள்ளையையோ தவறு செய்த பிள்ளையையோ ஊருக்கு அடையாளம் காட்டுவது 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். புகார் இருந்தால் என் அறைக்கு வாருங்கள். வரமுடியாவிட்டால் பள்ளிக்கல்வி உதவி எண் 14417. சாதிச் சங்கப் போஸ்டர், கட்சிக் கூட்டம், கையில் கட்டும் கயிற்றின் நிறம் பற்றிய பெருமை, இவற்றை ஒரு தடவை போட்டாலும் போட்டவர் குழுவில் இருக்கமாட்டார். இதில் விளக்கம் கேட்கப்போவதில்லை.

"உங்க பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று பிள்ளையின் பெயரும் வகுப்பும் சொல்லிப் போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் நமக்கு வருவதற்கு ஸ்கேன் செய்யவோ ரகசிய எண் அடிக்கவோ தேவையே இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள். தாமதமானால் பணத்தை நிறுத்திவைப்பது கடினம். ஆதார், வங்கிப் புத்தகப் படங்களைக் குழுவில் போடாமல் அலுவலகத்தில் நேரில் கொடுங்கள்.

வரும் திங்கள்முதல் இரவு எட்டு மணிமுதல் காலை ஆறு மணிவரை அட்மின் மட்டுமே எழுதமுடியும். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்குள்ள அப்பாக்களுக்கு இது சிரமம் என்று தெரியும். அவர்கள் வகுப்பாசிரியருக்குத் தனியாக எழுதலாம், காலையில் பதில் வரும். அன்றைய அறிவிப்பைக் குழுவின் உச்சியில் 'பின்' (pin) செய்து வைப்போம். கேள்வி கேட்குமுன் அதைப் பாருங்கள். ஆடியோவில் சொல்வதைவிட இரண்டு வரி எழுதினால் நல்லது. பிறகு தேடி எடுக்கமுடியும்.

கீழே உள்ள சீட்டை நிரப்பி வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். ஒரே வீட்டு எண்கள் இரண்டும் வேண்டாம். ஒன்று பக்கத்துத் தெருக்காரருடையதோ சொந்தக்காரருடையதோ ஆகட்டும். போன் வேலை செய்யாத நாளில் அந்த ஆள் நேரில் வந்தால் பிள்ளையை அவரோடு அனுப்புவோம், வேறு யார் வந்தாலும் அனுப்பமாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

- - - - - - - - - - - - - - - -

பிள்ளையின் பெயர், வகுப்பு:
பெற்றோர் எண்:
அவசரத்துக்கு வரக்கூடியவர் பெயர், உறவு, எண்:
பிள்ளையின் எடை (கிலோ):
ஒத்துக்கொள்ளாத மருந்து, உணவு:
கையொப்பம்: