பரணில் இருக்கும் ரேடியோ குறித்து மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

பெருமாள்மலையிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் கோவைத் திருமணத்துக்குக் காரில் போய்விட்டுத் திரும்பும்போது, அவிநாசி சாலையில் உள்ள, கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி. டி. நாயுடுவின் அருங்காட்சியகத்தில் இறங்கினோம். ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று நினைத்தது மூன்று மணி நேரமாக நீண்டு, சவரிக்காடு வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. தொலைபேசியில் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது என்று அக்கா சொன்னதால் எழுத்தில் சொல்கிறேன். இந்தப் பழனி - கொடைக்கானல் மலைப்பாதையில் உங்களோடு பேருந்து ஓட்டியவர்களில் சிலரும் நான் எழுதுவதைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

தாமதத்துக்குக் காரணம் உங்கள் பேரன். நாயுடு உருவாக்கியவை என்று சொல்லப்படும் பொருள்களின் வரிசை நமக்கே மலைப்பைத் தருவது: உலர் மின்கலத்தில் ஓடும் சிறு மோட்டார் வைத்த சவரக் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம். இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டாரை 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கொண்டுவந்தவரும் இவரே. ஆனால் பையன் பிடித்துக்கொண்டது இவை எதையும் அல்ல, ஒரு மோட்டார் சைக்கிளின் கதையை. கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்து, பள்ளியில் நிலைக்காமல் திரிந்த அந்த இளைஞர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வைத்திருந்த ரட்ஜ் வண்டியைப் பார்த்து, அதை வாங்குவதற்காகவே கோவையில் ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை செய்து பணம் சேர்த்து, கடைசியில் வாங்கியும் விட்டார். வாங்கிய வண்டியை ஓட்டித் திரிந்ததோடு நிற்காமல், அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி பூட்டினார். "கழற்றியதற்கு அவங்க வீட்டில் திட்டலையா?" என்று பையன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அங்கிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் வழியாகப் பழனிக்கு வந்தோம். 1920-இல் நாயுடு ஒரே ஒரு பேருந்தை வாங்கித் தாமே ஓட்டத் தொடங்கியது இந்தப் பொள்ளாச்சி - பழனி தடத்தில்தான் என்பதை எத்தனை முறை இந்த வழியில் வந்தும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. யு. எம். எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாகப் பின்னாளில் வளர்ந்ததன் வேர் அந்த ஒற்றை வண்டி. நடுவழியில் அது நின்றிருந்தால் ஓட்டுநரும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே. இதைப் படித்தவுடன் எனக்கு நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். ரேடியேட்டர் கொதித்து நின்ற வண்டியை, பயணிகளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்களே சரிசெய்து ஓட்டி வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். கண்டுபிடிப்பாளர் என்ற சொல்லைக் கேட்டால் ஆய்வுக்கூடம்தான் நம் கண் முன் வருகிறது. நாயுடுவின் ஆய்வுக்கூடம் பெரும்பாலும் பணிமனையாகத்தான் இருந்திருக்கிறது என்பது என் எண்ணம். 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் எழக் காரணமாக இருந்ததும், அங்கே பாடத்திட்டத்தின் ஆண்டுகளைக் குறைக்கவேண்டும் என்று அவர் அரசோடு மல்லுக்கு நின்றதும் இதோடு பொருந்திப் போகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தரமுடியும் என்று 1941-இல் நாயுடு அறிவித்ததைச் சொன்னேன். வால்வு என்றால் என்ன என்றான் பையன். கண்ணாடிக் குடுவைக்குள் இழை சூடாகி, அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் தகட்டை நோக்கிப் பாய, நடுவில் இருக்கும் கம்பி வலை அந்தப் பாய்ச்சலைக் கூட்டிக் குறைத்து, மெல்லிய அலையைப் பெரிதாக்குகிறது என்று எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். விளக்கியதோடு விட்டிருக்கலாம். நம் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருக்கிறது என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

உலகத்து இயந்திரங்களையெல்லாம் பிரித்துப் போட்ட நீங்கள், அந்த ரேடியோவை மட்டும் எங்களில் ஒருவரையும் தொடவிட்டதில்லை. அத்தை அதில் நாடகம் கேட்பார் என்பதும், அவர் போன பிறகு நீங்கள் அதை முடுக்கவேயில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆகவேதான் அனுமதி கேட்கிறேன். மின்சாரத்தில் இணைக்கமாட்டோம், ஒவ்வொரு உறுப்பையும் கழற்றிய வரிசையில் பழைய வேட்டியில் பரப்பி வைத்து, படம் வரைந்து, திரும்பப் பூட்டிவிடுவதாகப் பையன் சொல்கிறான். வேண்டாம் என்றாலும் தயங்காமல் எழுதுங்கள், மாமா. பின்பக்க அட்டையில் உள்ள நான்கு திருகுகளில் இரண்டை அவன் நேற்றே கழற்றிவிட்டான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவை ஒரு தீப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் மருமகள்