ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பேய்க்கதை சொல்லிப் பேய் உலா நடத்தும் வழிகாட்டிகளுக்கு

வணக்கம்.

போன அக்டோபரில் உங்கள் உலா ஒன்றில் நானும் வந்தேன். பர்க்கும் ஹேரும் 1828இல் ஆட்களைக் கொன்று, உடல்களை, மாணவர்களுக்கு உடலை அறுத்துப் பாடம் நடத்திய உடற்கூறு ஆசிரியர் டாக்டர் ராபர்ட் நாக்ஸுக்கு விற்ற கதையை வெஸ்ட் போர்ட் தெருவில் கேட்டோம். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. கொலைகாரர்கள் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செத்தது 16 பேர். அவர்களில் ஒருவர் பெயரும் அன்று யார் வாயிலும் வரவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

ஜேமி வில்சனுக்கு 18 வயது இருக்கும். வெறுங்காலோடு தெருத்தெருவாகத் திரிந்த, சூதுவாது அறியாத பிள்ளை. அவன் உடலைப் பார்த்ததுமே நாக்ஸின் மாணவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இது அவன் இல்லை என்று நாக்ஸ் மறுத்தார்.

மார்கரெட் டோகர்ட்டி அயர்லாந்திலிருந்து மகனைத் தேடி வந்தவர். “என் அம்மாவும் டோகர்ட்டிதான்” என்று உறவு சொல்லித்தான் பர்க் அவரை வீட்டுக்கு அழைத்துப்போனான். அக்டோபர் 31 இரவு கொன்றார்கள். மறுநாள், அங்கே தங்கியிருந்த ஆன் கிரேயை மட்டும் கட்டில் பக்கம் போக விடவில்லை. அவருக்குச் சந்தேகம். ஆள் இல்லாத நேரத்தில் கணவரோடு வைக்கோலை விலக்கிப் பார்த்தார்; உள்ளே அந்த அம்மாவின் உடல். வெளியே சொல்லாமலிருந்தால் வாரம் 10 பவுண்டு கிடைக்கும் என்று பர்க்கின் துணைவி கெஞ்சினாள். அன்றைய கூலிக்காரருக்கு அது பல மாத உழைப்பு. கிரே தம்பதியிடம் காசே கிடையாது. இருந்தும் நேரே போலீசுக்குப் போனார்கள். உங்கள் கதையின் நாயகர்கள் இவர்கள்தான் ஐயா!

பர்க்குக்குத் தீர்ப்பானதும் டோகர்ட்டி கொலைக்கு மட்டும்தான். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். நாக்ஸ் மீது வழக்கே இல்லை. 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்ட பர்க்கின் எலும்புக்கூடு இன்றும் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அப்புறம் 1832இல் உடற்கூறு சட்டம் வந்தது. ஏழைகள் விடுதியில் செத்து, கேட்க ஆளில்லாத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க அது வழிசெய்தது. கொலை நின்றது சரி, அறுக்கும் மேசைக்குப் போனது அப்போதும் ஏழை உடல்தானே?

பயமுறுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வெஸ்ட் போர்ட்டில் மட்டும் ஒரு நிமிடம் குரலைத் தாழ்த்தி, ஜேமி வில்சன், மேரி பேட்டர்சன், மார்கரெட் டோகர்ட்டி என்று அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். பெயர் பதிவாகாத அந்தப் பாட்டியையும், வாய் பேசாத அவர் பேரனையும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் உலாவில் நடந்த ஒருத்தி