பாறைமேல் போகும் கோடு சிவக்கட்டும்

கடல்வழி மென்பொருள்களை உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். சிறிய பாய்மரப் படகில் நெடுந்தூரம் செல்பவன் நான். காகித வரைபடத்தை விரித்து, இணைகோல் நகர்த்தி, ஒரு மாலை முழுவதும் போட்ட வழித்தடத்தை உங்கள் மென்பொருளில் சில நிமிடங்களில் போட்டுவிடுகிறேன். ஓப்பன்சிபிஎன் போன்ற இலவச மென்பொருள்களால் மின்னணு வரைபடம் சாதாரண மடிக்கணினிக்கும் வந்துவிட்டது. அந்த நன்றி மனத்தில் இருப்பதால்தான் இந்தக் கோரிக்கையை எழுதுகிறேன்: நான் போடும் கோடு பாறைமேல் போனால் மென்பொருள் தானாகவே எச்சரிக்க வேண்டும்.

2014 நவம்பர் 29 இரவு, உலகைச் சுற்றும் வால்வோ பந்தயத்தில் வெஸ்டாஸ் விண்ட் படகு மொரீஷியசுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் மோதியது. படகில் இருந்தது ஒன்பது பேர் கொண்ட தேர்ந்த குழு; அனைவரும் உயிர் பிழைத்தது பெரும் பேறு. மின்னணு வரைபடத்தை அவர்கள் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றது விசாரணை அறிக்கை. கூடவே, பெரும்பரப்பு தெரியும்படி சுருக்கிய காட்சியில் வரைபடமே ஆபத்தைச் சரியாகக் காட்டவில்லை என்றும் சொன்னது. முதல் குறை எங்களுடையது. இரண்டாவதைத் திருத்த உங்களால் முடியும்.

திரை நெரிசலாகாமல் இருக்கச் சில விவரங்களை மறைக்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெடும்பயணத்துக்குக் கோடு போடுபவர் கடல் முழுவதும் தெரியும்படி சுருக்கித்தான் பார்ப்பார். ஆபத்து மறைவதும் அதே காட்சியில்தான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கணினியிடம் தரவு இருக்கிறது. கோடு போட்ட உடனேயே, இருப்பதில் மிக விரிவான வரைபடத்தோடு அதை ஒப்பிட்டு, இருபுறமும் சிறிது அகலம் விட்டு, திட்டோ ஆழக்குறைவோ குறுக்கிடும் பகுதியைச் சிவப்பாக்குங்கள். இந்தச் சோதனை சில மென்பொருள்களில் உண்டு. ஆனால் பயனர் தேடிப்போய் இயக்க வேண்டியிருக்கிறது. 2013-இல் டோவர் நீரிணையில் ஓவிட் என்ற கப்பல் வார்ன் மணல்திட்டில் தட்டியபோது, திட்டமிட்ட பாதையே திட்டின் மேல்தான் போனது. எச்சரிக்கை ஒலியும் வேலை செய்யவில்லை.

காற்று முன்னறிவிப்பைக் கொண்டு விரைவான பாதை தேடும் கருவிகளிலும் இதே குறை இருக்கிறது. அவற்றில் சில கரைக்கோட்டை மட்டும் பார்த்து விலகுகின்றன. நீருக்கடியில் இருக்கும் பாறை அவற்றின் கணக்கில் வருவதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். ஜிபிஎஸ் என் படகைச் சில மீட்டர் துல்லியத்தில் காட்டுகிறது. அதே திரையில் உள்ள பாறை பழைய கடலடி அளவையின்படி குறிக்கப்பட்டிருக்கலாம். வரைபடத் தரவுக்குத் தரப்படும் நம்பகத்தன்மைப் பிரிவுகளில் அது சி பிரிவில் இருந்தால் அதன் இடம் 500 மீட்டர் வரை தவறலாம். டி பிரிவில் அதைவிடவும் மோசம். இரண்டும் ஒரே கூர்மையோடு வரையப்படுவதால் இரண்டையும் ஒரே அளவுக்கு நம்பிவிடுகிறோம். ஏதோ ஒரு பட்டியலுக்குள் புதைந்திருக்கும் இந்தத் தகவலை வழித்தடத்தின் மேலேயே கொண்டுவாருங்கள். அளவை மோசமான பகுதியில் கோடு தடித்துத் தெரிந்தால் போதும், நான் தள்ளிப் போய்க்கொள்வேன்.

இவை தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்க வேண்டும், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும். சோதனைப் பதிப்பு தந்தால், நான் ஓட்டிப் பழகிய நீர்ப்பரப்புகளில் வழித்தடம் போட்டுப் பார்த்து, எந்தத் திட்டைத் தவறவிட்டது என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஒரு பாய்மரப் படகோட்டி