ஆண்டறிக்கை: புல்வெளியின் மஞ்சள் பட்டாம்பூச்சி

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டு நம் களப்பணி முழுவதும் ஆங்கிலத்தில் ‘நீலகிரி கிளவுடட் எல்லோ’ எனப்படும் ஒரே பட்டாம்பூச்சியைச் சுற்றியே அமைந்தது. 1859இல் பூச்சியியலாளர்களான ஃபெல்டர் தந்தையும் மகனும் இதற்குச் சூட்டிய கோலியாஸ் நீலகிரியென்சிஸ் என்னும் அறிவியல் பெயரிலும் நம் மலையே இடம்பெற்றிருக்கிறது. இந்தப் பேரினத்தைச் சேர்ந்த பிற பட்டாம்பூச்சிகள் பல இமயத்திலும் அதற்கு வடக்கேயுள்ள குளிர்நாடுகளிலும் பறக்க, தென்னிந்தியாவில் இது ஒன்று மட்டுமே நீலகிரி, பழனி, ஆனைமலை போன்ற உயர்மலைகளின் சோலைப் புல்வெளிகளில் ஒதுங்கி வாழ்கிறது.

வெயில் இருந்தால்தான் இது எழுந்து பறக்கும். மூடுபனி கவிந்த நாள்களில் நாம் நடந்த நடையெல்லாம் வீணாயிற்று. உட்காரும்போது இறக்கைகளை மூடியே வைத்திருப்பதால், மேற்புறத்துக் கறுப்பு விளிம்பைப் பறக்கும்போது மட்டுமே காணலாம். உறுப்பினர்கள் அனுப்பிய படங்களில் பல, எங்கும் காணப்படும் சிறிய மஞ்சள் பட்டாம்பூச்சிகளுடையவையே. செயலாளரின் படமும் அவற்றுள் அடங்கும் என்பதை மறைப்பதற்கில்லை. பின்னிறக்கையின் அடிப்புற நடுவிலுள்ள புள்ளியையும் இளஞ்சிவப்பு உணர்கொம்புகளையும் கண்டபிறகே இனிப் பதிவு செய்ய வேண்டும்.

பறப்பதைத் தேடி அலைவதைவிட, புழு உண்ணும் செடியைத் தேடுவதே பயன்தரும் என்பது என் கருத்து. பரோகீட்டஸ் கம்யூனிஸ் என்னும் அச்செடி, ஈரமுள்ள இடங்களில் தரையோடு படர்ந்து, மூன்று சிற்றிலைகளும் அவரைப் பூவின் அமைப்பில் நீலப் பூவும் கொண்டிருக்கும். இலையில் தனித்தனியாக இடப்படும் நூற்கதிர் வடிவ முட்டையிலிருந்து வரும் பச்சைப் புழு, அதே பச்சையில் மறைந்து வளர்ந்து, இடுப்பில் பட்டுநூல் கட்டிக் கூட்டுப்புழுவாகிறது.

சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் ஆகிய அயல்மரங்களின் நிழல் விழுந்த இடத்தில் திறந்த புல்வெளி நிலைப்பதில்லை. புல்வெளி போனால் இதற்கு வேறிடமும் இல்லை. 78.46 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவிற்கு வெளியே எஞ்சியுள்ள துண்டுப் புல்வெளிகளைப் பற்றித்தான் நமக்குக் கவலை. சீகையை நாமே வெட்டிவிடலாம் எனச் சிலர் வற்புறுத்தினர். மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் அதன் விதைகள், வெட்டிய இடத்திலேயே மீண்டும் அடர்ந்து முளைப்பதாலும், வனத்துறை அனுமதியின்றிக் கை வைப்பது முறையன்று என்பதாலும் செயற்குழு அதை ஏற்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக புழு உண்ணும் பரோகீட்டஸ் செடி படர்ந்துள்ள ஓடைக்கரைகளை வரைபடத்தில் குறிக்கும் பணிக்குப் பொதுக்குழு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்